பொழுது சாயுமுன் ஒரு கொலை விசாரணை

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசிக்கு எங்கும் தட்டுப்பாடாக இருந்த காலம். செஞ்சியில், சன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை கண்ணில் விழும்படியான ஒரு பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் விடுதியில் நான் சேர்ந்து ஒன்றரை மாதம் கடந்திருந்தது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாளேனும் நான் அங்கே இரவு உணவு உண்டதில்லை. மாசி மாதத்து அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மேல்சித்தாமூருக்கு அருகே ஒரு சிற்றூரில், நிலத்தை நம்பி வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பம் எங்களுடையது. பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டில் எல்லோரும் உண்டு முடித்துவிடுவோம். அதன்பின் அம்மா அடுப்பை அணைத்துச் சாம்பலை மேலே தள்ளிவிட்டால், மறுநாள் விடிந்த பிறகுதான் அதில் நெருப்பு. இருளில் நெருப்பை மூட்டினால் விட்டிலும் பூச்சியும் வந்து விழும், உணவிலும் விழும். அந்த உயிர்களுக்கு நம்மால் கேடு வரலாகாது என்பதே காரணம். எங்களுக்கு அது விரதம் என்றுகூடத் தோன்றியதில்லை. மேயப் போன மாடுகள் மாலையில் தொழுவம் திரும்புவதைப்போல் அன்றாடம் தானாக நடக்கும் காரியம்.

விடுதியிலோ, மாலை விளையாட்டு, கூட்டு வழிபாடு, படிப்பு எல்லாம் முடிந்து எட்டு மணிக்குத்தான் சாப்பாட்டு மணி அடிக்கும். அதற்கு முன் சமையலறைப் பக்கம் யாரும் போகக்கூடாது. அறையில் தின்பண்டம் வைத்துக்கொள்ளவும் கூடாது. என் நிலையை முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லத்தான் நினைத்திருந்தேன். அந்த வாரம் ஒரு பெண், வயிற்றுப்புண் இருப்பதால் தனக்கு மட்டும் காரமில்லாத குழம்பு வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சமையற்கட்டை ஆண்டு வந்த சமையற்கார அம்மா கரண்டியை நிறுத்தாமல், “ஏம்மா, இது இன்னா உங்க மாமியா வூடா?” என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பிறகு என் வாய் திறக்கவில்லை.

வேறொரு காரணமும் இருந்தது. வெளியூரில் தங்கிப் படிக்கிற பெண் கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று பழகிவிடுவாள் என்று என் பெரியப்பா எச்சரித்திருந்தார். என் நைனா, அதாவது அப்பா, அதை மீறித்தான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். நான் கேட்டு, விடுதியில் முடியாது என்று சொல்லிவிட்டால், ஊர் திரும்புவதைத் தவிர வழியில்லை. கேட்காதவரையில் அந்த ‘முடியாது’ என் காதில் விழப்போவதில்லை. அப்படி எண்ணித்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளினேன்.

ஆகவே எட்டு மணிக்கு வரிசையில் உட்காருவேன். “வயிறு மந்தமா இருக்குது” என்று சொல்லித் தட்டை அறைத்தோழியின் பக்கம் நகர்த்துவேன். அவள் அவலூர்பேட்டையில் கடை வைத்திருந்த ஒருவரின் மகள்; நல்ல உயரம், அதற்கேற்ற பசி. அளந்து போடும் அந்த நாளில் இரண்டாவது தட்டு கிடைப்பது அவளுக்குத் திருவிழா. “இன்னாடி மந்தம், இன்னிக்கும் மந்தமா? ஒன் வயித்த சாமி இப்பிடியே வெச்சிருக்கட்டும்” என்று வாழ்த்திவிட்டுச் சாப்பிடுவாள். ‘மந்தம்’ என்பதே விடுதியில் என் பெயராகிவிட்டது.

மதியம் உண்டால் மறுநாள் காலைக் கஞ்சிதான். ஆறாவது வாரத்தில், மாதிரிப் பாடம் நடத்தும்போது கண் இருண்டு, கரும்பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று முடிவு செய்தேன்: வருகிற ஞாயிறன்று நைனா பார்க்க வரும்போது, என்னை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் போனால் மறுபடி படிக்க வரமாட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கு முந்தைய நாள்தான் அந்தச் சனிக்கிழமை. எங்கள் வரலாற்று ஆசிரியை எங்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றார். கறுப்புக் குடையும் வெள்ளைப் புடவையுமாக எங்களுக்கு முன்னால் நடப்பார். அவர் வேகத்துக்கு நாங்கள்தான் ஓட வேண்டும். “ராஜா பேரெல்லாம் பரீட்சைக்கு. அந்த ராஜாவுக்கு நெல் அளந்தவன் எப்படி வாழ்ந்தான்னு தெரிஞ்சாத்தான் அது வரலாறு” என்பது அவர் கொள்கை. பிள்ளைகளுக்கு அப்படிப் பாடம் நடத்தும் வழியை எங்களுக்குக் காட்டுவதற்காக அன்று ஒரு விளையாட்டை ஆயத்தம் செய்திருந்தார்.

மதியம் புளிச்சோறு உண்டபின் கல்யாண மகாலின் தூண் நிழலில் எங்களை வட்டமாக அமர்த்தினார். நாயக்கர்கள் ஆண்ட காலம். இதே கோட்டைக்குக் கீழே ஒரு சிறிய ஊர். விடியற்காலையில் அவ்வூர் ஏரிக் காவலர் மதகருகே இறந்து கிடக்கிறார். கொன்றது யார்? நாங்கள்தான் அந்த ஊர்மக்கள். எங்களில் ஒருத்தி கொலைகாரி. ஒவ்வொருத்தியையும் தூண் மறைவுக்கு அழைத்து, அவள் யார், அன்றிரவு என்ன செய்தாள், எதைப் பார்த்தாள் என்று காதோடு சொல்லி அனுப்பினார். விளையாட்டுக்கு ஒரே ஒரு சட்டம். “கேட்டதுக்கு எல்லாரும் உண்மைதான் பேசணும். கொலைகாரி ஒருத்திதான் பொய் சொல்லலாம்.”

என் அறைத்தோழி மணியக்காரர் ஆனாள். துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, அந்தக் கணத்திலிருந்தே எங்களை அதட்டத் தொடங்கினாள். ஒருத்தி வைத்தியர், ஒருத்தி வண்ணாத்தி, ஒருத்தி கோட்டைச் சிப்பாய். நான் நெல் வாணிபம் செய்த ஒரு சமணரின், ஊர் வழக்கில் நயினாரின், மனைவி. பெயர்ப் பட்டியலில் என் குடும்பத்தைப் பார்த்துத்தான் ஆசிரியை அந்த வேடத்தை எனக்குத் தந்திருக்க வேண்டும். காதில் சொன்னது இதுதான்: “விளக்கு வெச்ச பிறகு ஏரிக் காவலர் பசியோட வந்தார். உங்க வீட்டாரோட உட்கார வெச்சுச் சோறு போட்டே. நீ கொலை செய்யலை. கேட்டா தைரியமா அப்படியே சொல்லு.”

விசாரணை தொடங்கியது. வைத்தியர், இறந்தவர் இரவில் உண்ட சோற்றில் விஷம் கலந்திருந்தது என்றார். வண்ணாத்தியாக இருந்த பெண் எழுந்து இடுப்பில் கைவைத்தாள். “வெளக்கு வெச்சப்புறம் நயினார் வூட்டுக்கு அழுக்குத் துணி வாங்கப் போனேங்க. அடுப்புல பொக வந்துக்கினு இருந்துச்சி. எட்டிப் பாத்தா ஏரிக் காவலரு குந்திக்கினு சாப்புடுறாரு. வூட்டு ஆளுங்களும் கூடவே சாப்புடுறாங்க.”

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். விளையாட்டுத்தானே, சொல்லிவிடு என்று மனம் நச்சரித்தது. ஆனால் அந்த வேடத்தை எனக்குள் வாங்கிக்கொண்ட கணமே, நான் நின்றது எங்கள் வீட்டுச் சமையலறையில்தான். அடுப்பின்மீது சாம்பலைத் தள்ளும் அம்மாவின் கைதான் கண்ணில் தெரிந்தது.

“எங்க வீட்டுல வெளக்கு வெச்சப்புறம் அடுப்பு எரியாது” என்றேன்.

மணியக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “அப்போ பொக எங்கேர்ந்து வந்துச்சி? வானத்துலேர்ந்தா?”

“பொகையே வந்திருக்காது.”

“குந்திச் சாப்ட்டீங்களே, அது?”

“நாங்க பொழுதோட சாப்டுடுவோம். ராத்திரியில யாரும் சாப்ட மாட்டோம்.”

“பொய்! பொய் சொல்றா! அகப்பட்டுக்கினா!” என்று நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. வண்ணாத்தி, ஆசிரியை காதில் சொன்னதைத்தான் ஒரு சொல் மாற்றாமல் சொன்னதாகக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரானாள். இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள். பொய் சொல்பவள் கொலைகாரி. கணக்கு தீர்ந்துவிட்டது. மணியக்காரர் துண்டின் முனையைத் தோளில் வீசிக்கொண்டு, “நயினார் வூட்டம்மாவ மலை உச்சிக்கு இட்டுக்கினு போயி உருட்டி வுடுங்கடா!” என்று தீர்ப்பு வழங்கினார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. “உருட்டி வுடுங்க. ஆனா அந்த வீட்டுல ராத்திரி சாப்ட்டாங்கன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது.”

ஆசிரியை குடையைத் தரையில் ஒருமுறை தட்டினார். அவர் சிரிக்கவில்லை. நான் கொலைகாரி அல்லள் என்பது அந்த வட்டத்தில் அவருக்கு மட்டும்தானே தெரியும்! உண்மை பேச வேண்டியவள் அவர் சொல்லித் தந்ததை மறுக்கிறாள் என்றால், அதற்கு விளையாட்டில் இடமே இல்லை.

“நீ சொல்றது அந்தக் காலத்து அம்மாவோட வீடா, உன் வீடா?” என்று மெல்லக் கேட்டார்.

“எங்க வீடு, டீச்சர்.”

“ராத்திரியில ஏன் சாப்பிடறதில்லே?”

“வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து விழுந்துடும், டீச்சர்.”

“அப்போ விடுதியிலே?”

என் அறைத்தோழியின் தலைப்பாகை சரிந்து தோளில் விழுந்தது. “டீச்சர், இது ராத்திரியில துன்றதே இல்ல டீச்சர். மந்தம்னு சொல்லும். தட்ட என்கிட்ட தள்ளிடும்.” அவள் குரல் இறங்கியது. “நான்தான் துன்னேன். வந்த நாளா நான்தான் துன்னுக்கினு இருக்கேன். ஏண்டி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஒன் பசியவாடி நான் துன்னேன்?”

மதில்மேல் இருந்த குரங்குகள் ஏதோ சச்சரவிட்டுக்கொண்டிருந்தன. ஆசிரியை எழுந்து நின்றார். எங்களைப் போன்ற இளம் பெண்கள்முன் அவர் வயதிலும் பதவியிலும் இருந்த ஒருவர் அன்று சொன்னதை நான் அதற்கு முன்பும் பின்பும் வேறெவரிடமும் கேட்டதில்லை.

“இந்த ஊர்ல கொலைகாரி ஒருத்திதான் பொய் சொல்லலாம்னு சொன்னேன். பொய்யான சாட்சி சொன்னது இவ இல்லே, நான். பூச்சி விழும்னு அடுப்பை அணைக்கிற வீட்டுல கொண்டுபோய் ஒரு மனுஷனுக்கு ராத்திரிச் சோறு வெச்சேனே! அதனால கொலைகாரி நான்தான். விசாரணை முடிஞ்சது.”

பிறகு குடையால் கோட்டையின் பழைய நெற்களஞ்சியத்துப் பக்கம் காட்டினார். அங்கே, குரங்குகளிடமிருந்து பாத்திரங்களைக் காக்கக் கையில் கழியோடு உட்கார்ந்திருந்தார், எங்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்த சமையற்கார அம்மா. நடந்ததெல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது. மாமியார் வீட்டுக் கேள்வியை எதிர்பார்த்துத் தலைகுனிந்தேன்.

அவரோ தூக்கின் மூடியைத் திறந்தார். “வா இப்பிடி. சொல்றதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?” என்றார். அடியில் தயிர்ச்சோறு மிஞ்சியிருந்தது. மந்தாரை இலையொன்றைத் துடைத்து, அதில் வழித்து வைத்தார்.

நான் இலைமுன் உட்கார்ந்ததும் ராஜகிரியின் நிழல் எங்கள்மேல் விழுந்தது. மலை மேற்கே நிற்பதால் அந்த இடத்தில் வெயில் முன்னதாகவே மறைந்துவிடும். பொழுது போய்விட்டதோ என்று கையைப் பின்னிழுத்துக்கொண்டேன். என் தோழி ஒரே ஓட்டமாக வெளியே ஓடினாள். வடக்கே கிருஷ்ணகிரியின் உச்சியைப் பார்த்து அங்கிருந்தே கத்தினாள். “மலதான்டி மறைச்சிருக்குது! பொழுது சாயல! அந்த மலமேல வெயிலு அப்பிடியே இருக்குது, துன்னு!”

நான் உண்டேன். அவள் அங்கேயே நின்று கிருஷ்ணகிரியைக் காவல் காத்தாள். “மண்டபத்து மேல இருக்குது… இன்னும் இருக்குது… மெதுவா துன்னு, மெதுவா!” சமையற்கார அம்மா கழியைத் தரையில் தட்டி, “நீ மொதல்ல வாய மூடு. கத்திக் கத்தி அந்தப் பொண்ணுக்கு நெஞ்ச அடைச்சிக்கப் போவுது” என்றார். காலையில் பிசைந்த சோறு. வெயிலில் நன்றாகப் புளித்திருந்தது. அதற்கு நிகராக இன்னோர் உணவை நான் உண்டதில்லை என்று சொன்னால் அது வெறும் உபசாரம் அன்று.

திரும்பி வரும் வழியில் வைத்தியராக இருந்த பெண் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். காரணம் கேட்டபோது, “நான்தாண்டி கொலைகாரி. சோத்துல வெஷம்னு எவ்ளோ நல்லா பொய் சொன்னேன்! ஒருத்தியும் என்ன ஒரு கேள்வி கேக்கலியே” என்றாள். கோட்டை வாசல்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஆனாலும் என் முடிவு மாறியிருக்கவில்லை. கோட்டையில் கிடைத்தது ஒரு நாள் கருணை. விடுதியின் மணியை யார் மாற்றுவார்கள்? மறுநாள் பிற்பகல் நைனா வந்தார். பார்வையாளர் பெஞ்சில் துண்டை விரித்து அமர்ந்து என் முகத்தையே பார்த்தார். “ஏன் இப்பிடி எளைச்சிட்ட?” என்றார். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. அழைத்துப்போங்கள் என்று சொல்ல மூச்சை இழுத்தேன்.

அப்போது சமையலறைச் சன்னலிலிருந்து அந்த அதிகாரக் குரல் வந்தது. “ஏம்மா, பொழுது எறங்குது பாரு. மொதல்ல சாப்ட்டுட்டு வா, அப்புறமா குந்தி உங்க நைனாகிட்ட பேசு.”

நைனா நிமிர்ந்தார். “இங்க பொழுதோடவே போடறாங்களா?” என்று நம்பாத குரலில் கேட்டார்.

எனக்கே விடை தெரியாத அந்தக் கேள்விக்குச் சன்னல்தான் பதில் சொன்னது. “எல்லாருக்கும் இல்லிங்க. உங்க பொண்ணுக்குப் போடறோம்.”

உள்ளே போனேன். முதல் உலையில் வடித்த சோறு, ஆவி அடங்காமல் தட்டில் இருந்தது. முந்தைய நாள் கோட்டையிலிருந்து திரும்பியதுமே ஆசிரியை விடுதித் தலைவியிடம் பேசியிருக்கிறார். சமையலறைக்குக் கூடுதல் வேலை இல்லையென்றால் தமக்குத் தடையில்லை என்றாராம் தலைவி. “எனக்கு இன்னா வேல கூடுது? எப்பவும் மூட்டற அடுப்புதானே” என்றாராம் சமையற்கார அம்மா. எனக்காக அவர் நாள்தோறும் வழக்கத்தைவிட முன்னதாகவே உலை வைத்தார் என்பதை வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன்.

உண்டுவிட்டு நான் வந்தபோது நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சி. நல்லாப் படி” என்றார். போகும்போது சமையலறைச் சன்னலை நோக்கி ஒருமுறை கைகூப்பினார். உள்ளிருந்தவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை நைனா கடைசிவரை கேட்கவேயில்லை.

அதன்பின் பயிற்சி முடியும்வரை, அந்தி சாயுமுன் நான் உண்ணும்போதெல்லாம் என் தோழி எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள். தனியாக ஒருத்தி உட்கார்ந்து உண்ணலாகாது என்பது அவள் கட்சி. எட்டு மணிக்குத் தன் தட்டை மட்டும் காலி செய்துவிட்டு, “மந்தத்துக்கு மந்தம் தெளிஞ்சிடுச்சி, என் பொழப்பு போச்சி” என்று அங்கலாய்ப்பாள். தன் ரவிக்கைகள் தொளதொளத்துப் போனதற்கு நானே காரணம் என்று வகுப்பெல்லாம் சொல்லி வைத்தாள்.

ஆசிரியையும் அந்த விளையாட்டை அப்படியே விட்டுவிடவில்லை. சில வாரங்கள் கழித்து, அதே ஊரை, அதே கொலையை மறுபடி எங்கள்முன் வைத்தார். இம்முறை ஊரெல்லாம் அடுப்படியில் இருந்த நேரத்தில், பொழுதோடு உண்டு முடித்து வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது சமண வீடு ஒன்றுதான். ஆகவே மதகுப் பக்கம் போனவர் யார் என்பதைப் பார்த்தவளும் அவ்வீட்டு மனைவி ஒருத்திதான். வைத்தியர் இறுதியில் பிடிபட்டார். அந்தப் பெண்ணின் மனக்குறையும் தீர்ந்தது. என் வீட்டு வழக்கத்தை ஒரு தடையாகவே அதுவரை சுமந்திருந்த எனக்கு, அதே வழக்கம் ஓர் ஊருக்குப் பயன்படும் சாட்சியாகவும் ஆகும் என்பதை அவர் சொல்லாமலே காட்டிவிட்டார்.

பிற்பாடு நான் ஆசிரியையாகிப் பல ஊர்களில் பணியாற்றி ஓய்வும் பெற்றுவிட்டேன். மதியச் சோற்றைத் தொடாமல் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருந்தார்கள்; அவர்கள் அருகே போய் உட்காரும் பழக்கம் எனக்கு வந்தது எங்கிருந்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூவரும் என் வழக்கத்தைப் போற்றவுமில்லை, மாற்றிக்கொள்ளச் சொல்லவுமில்லை. ஒருவர் தம் பிழையைப் பலர்முன் ஒப்பினார், ஒருத்தி மலையுச்சி வெயிலைக் காவல் காத்தாள், ஒருவர் அடுப்பைச் சற்று முன்னதாக மூட்டினார். அவ்வளவே செய்ததால் ஒரு பெண்ணின் வாழ்வு அவளுடைய கைக்கே திரும்பி வந்தது என்பதை நன்றியோடு எண்ணாமல் நான் இன்றுவரை ஓர் அந்தியுணவையும் உண்டு முடித்ததில்லை.